முழங்கால் வலியுள்ள அம்மாவோடு என்றால், ஓர்வியேத்தோ

அம்மாவுக்கு முழங்கால் வலி, கார் இல்லை, இத்தாலிய மலையூர் ஒன்றில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் ஓர்வியேத்தோ போங்கள். ரோமிலிருந்து நேரடி ரயில் உண்டு. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மலைமேல் ஏற்றிவிடும் இழுவை ரயில். மேலே இறங்கினால் பேராலயம் வரை மினிபஸ். அறையை ஆலயத்துக்குப் பக்கத்திலேயே எடுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள், பழைய கட்டடங்களில் பல சமயம் இருக்காது.

1290-இல் கட்டத் தொடங்கிய ஆலயம் அது. பக்கச் சுவர்களில் கருங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வரிசையாக ஓடும். முகப்பின் தங்க மொசைக்கை மாலை வெயிலில் அம்மாவுக்குக் காட்டுங்கள், அவ்வளவு அழகு!

அப்புறம், அதே ஊரிலுள்ள சான் பத்ரிசியோ என்ற பழைய கிணற்றில் 248 படிகள். நீங்கள் மட்டும் இறங்குங்கள். பக்கத்திலுள்ள இன்னொரு மலையூரான சிவித்தா தி பாஞ்ஞொரேஜோ இந்த முறை வேண்டாம். செங்குத்தான நடைபாலத்தில் ஏறித்தான் ஊருக்குள் போக முடியும்.