ஆறு ராத்திரியும் ஒரே அறையில் தங்குங்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். மகனுக்கு 5 வயது. மகளுக்கு வரும் மே 20-ல் 2 வயது முடிகிறது. மே விடுமுறையில் முதல்முறையாக வெளிநாடு போகலாம் என்று என் கணவர் ஆசைப்படுகிறார். டிராவல்ஸில் கொடுத்த திட்டம் இது: நள்ளிரவு விமானத்தில் சிங்கப்பூர், அங்கே 3 ராத்திரி. பிறகு பஸ்ஸில் கோலாலம்பூர், ஜென்டிங் மலை என்று இன்னும் 3 ராத்திரி. மாமியாரும் வருகிறார். போன வருடம் ஊட்டி மலைப்பாதையிலேயே பையன் வாந்தி எடுத்து, சின்னவள் அழுது, நாங்கள் சண்டை போட்டு, போனதைவிடக் களைப்பாகத் திரும்பினேன். இந்த வயதில் பார்ப்பதெல்லாம் பிள்ளைகளுக்கு நினைவிருக்குமா? பேசாமல் நாலைந்து வருடம் கழித்துப் போகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு,

தாராளமாக இந்த வருடமே போய் வாருங்கள். இந்தத் திட்டத்தை மட்டும் டிராவல்ஸிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். நடுவில் இரண்டு நாட்டுச் சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏற வேண்டும். மலேசியப் பக்கம் பெட்டிகளையும் இறக்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாமியாருக்கு ஒரு நாற்காலி கிடைக்குமா என்று தேடிக்கொண்டு அந்த வரிசையில் நிற்கப்போவது நீங்கள்தான். ஜென்டிங் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். ஊட்டி வளைவில் வாந்தி எடுத்த பையனை அடுத்த வருடமே இன்னொரு மலைக்கு ஏற்ற வேண்டுமா? கோலாலம்பூர் எங்கேயும் போய்விடாது. ஆறு ராத்திரியையும் சிங்கப்பூருக்கே கொடுங்கள், அதுவும் ஒரே அறையில். சின்னக் குழந்தைக்குப் புது இடத்தில் தூக்கம் பிடிக்க இரண்டு ராத்திரி ஆகும். மூன்றாம் நாள் பழகுகிற நேரத்தில் நாம் பெட்டி கட்டினால் மறுபடி முதலிலிருந்து அழுகை.

அடுத்தது அந்த நள்ளிரவு விமானம். "பிள்ளைகள் தூங்கிவிடும்" என்று சொல்லித்தான் விற்பார்கள். பறப்பது ஏறக்குறைய நாலு மணி நேரம். ஏறி உட்கார்ந்து, விளக்கு அணைந்து, அவர்கள் கண் மூடி இரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிடுவார்கள். இறங்கும்போது அங்கே காலை 7 மணியை ஒட்டி இருக்கும். ஹோட்டலில் அறை கொடுப்பது பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு. அந்த ஏழெட்டு மணி நேரம் ஐந்து பேரும் எங்கே இருப்பது? பயணம் கெடுவது பெரும்பாலும் இந்த முதல் பகலில்தான். பகல் விமானம் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் வாடகை வீண் என்று கணவர் சொல்வார். அந்த ஒரு நாள் தூக்கம்தான் மீதி ஆறு நாளையும் காப்பாற்றும் என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

மகளின் பிறந்தநாளையும் பாருங்கள். 2 வயது முடியாத குழந்தை மடியில் உட்காரும் கட்டணத்தில் வரலாம். திரும்பும் நாள் மே 20 அல்லது அதற்குப் பிறகு என்றால் தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டும். அதனால் மே முதல் பாதி உங்களுக்கு நல்லது. ஜூனில் அங்கேயும் பள்ளி விடுமுறை, கூட்டம் சேரும். விமானம் இறங்கத் தொடங்கும்போது அவள் வாயில் பாலோ தண்ணீரோ இருக்கட்டும். விழுங்கிக்கொண்டே இருந்தால் காது வலி குறையும்.

இப்போது உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. இங்கே 6.30-க்கு எழும் பிள்ளைக்கு அங்கே மணி 9. இங்கே 9 மணிக்குத் தூங்குகிறவர்களுக்கு அங்கே 11.30 வரை கண் மூடாது. இதை மாற்றப் பாடுபடாதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள். காலை 8 மணிக்கு வேன் வரும் சுற்றுலா எதிலும் சேராதீர்கள். நிதானமாக எழுந்து, ஹோட்டல் காலை உணவு முடிவதற்குள் சாப்பிட்டு, ஒரே ஒரு இடம். மதியம் அறைக்கு வந்து எல்லோரும் தூக்கம். மே மாதம் அங்கே கடும் வெயில், புழுக்கம், மதியத்தில் திடீர் மழை வேறு. 5 மணிக்குமேல் மறுபடி வெளியே போங்கள். கார்டன்ஸ் பை த பே தோட்டத்தில் ராட்சதச் செயற்கை மரங்களின் ஒளிக்காட்சி 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும், இலவசம். நம் ஊர்க் கணக்கில் முதல் காட்சி மாலை 5.15. பிள்ளைகள் நல்ல உற்சாகத்தில் இருப்பார்கள்.

அதே தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டிடம் இருக்கிறது. தாவரவியல் பூங்காவுக்குள் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணமில்லை, திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். மாற்றுத்துணியும் துண்டும் எடுத்துப் போய் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். காசு கொடுத்துப் பார்க்க ஒரே ஒரு பெரிய இடம் போதும். நானாக இருந்தால் மண்டாய் விலங்குக் காட்சியகத்தைத் தேர்ந்தெடுப்பேன். செந்தோசா தீவில் கடற்கரைக்குப் போங்கள், மண் விளையாடுங்கள். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா வேண்டாம். பெரிய ராட்டினங்களுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, உங்கள் மகளால் ஏறவே முடியாது.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் மகனுக்கு இரண்டரை வயதில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். பொம்மை வேஷக்காரரைப் பார்த்துப் பயந்து வீறிட்டான். "இவ்வளவு காசு கொடுத்திருக்கிறோம்" என்று மாலை வரை அவனை இழுத்துக்கொண்டே திரிந்தோம். அன்று அவன் சிரித்தது ஒரே தடவைதான், ஹோட்டல் லிஃப்டின் பொத்தானை அமுக்கியபோது. அந்தப் பகலை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி "போனதைவிடக் களைப்பாகத் திரும்பினேன்" என்பது. அதற்குக் காரணம் பிள்ளைகள் மட்டும்தானா? ஊட்டியில் யார் ஊட்டிவிட்டார், யார் கழுவிவிட்டார், யார் பெட்டி கட்டினார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு வேலை முழுவதையும் தூக்கிக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போவது விடுமுறை ஆகாது. கிளம்புவதற்கு முன்பே, சண்டை இல்லாத ஒரு ராத்திரி, கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைப்பது அவர் பொறுப்பு. பையனின் கழிவறை வேலை முழுவதும் அவருடையது. ஒரு மாலை முழுக்க நீங்கள் தனியாக வெளியே போவீர்கள், அதுவும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். அதே மாதிரி அவருக்கும் ஒரு மாலை. அத்தையை ஆயாவாக ஆக்கிவிடாதீர்கள். அவருக்கும் இதுதான் முதல் வெளிநாடு என்றால், அவருக்கு என்ன பார்க்க ஆசை என்று நீங்களே கேளுங்கள். அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

தங்க இடம் தேடும்போது லிட்டில் இந்தியா பக்கம் பாருங்கள். இட்லியும் தயிர்சாதமும் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். கே.கே. மகளிர், குழந்தைகள் மருத்துவமனையும் அருகில்தான், குழந்தைகளுக்கு 24 மணி நேர அவசரப் பிரிவு உண்டு. தேவைப்படாது, ஆனாலும் இருக்கிறது என்று தெரிந்தால் நிம்மதி. துணி துவைக்கும் வசதியோடு ஹோட்டல் கிடைத்தால் இன்னும் நல்லது. யாருடைய வீட்டையாவது சில நாள் வாடகைக்கு எடுக்காதீர்கள். தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது அங்கே சட்டவிரோதம்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். மடக்குகிற தள்ளுவண்டி அவசியம், பையனும் சில நேரம் அதில்தான் ஏறுவான். எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலில் ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கக் கூடாது, அபராதம் உண்டு. ஆப்பில் கார் கூப்பிட்டால் குழந்தை இருக்கை உள்ள வண்டியாகக் கேளுங்கள், அங்கே அது சட்டம். சாதாரண டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. பிளக் பொருந்தாது, மூன்று தட்டை முனை அடாப்டர் ஒன்று வாங்குங்கள். பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற காய்ச்சல் மருந்தை உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கி, ஓஆர்எஸ் பொட்டலங்களோடு கைப்பையில் வையுங்கள். ஐந்து பேருக்கும் பயணக் காப்பீடு எடுங்கள், அங்கே மருத்துவச் செலவு அதிகம்.

பாஸ்போர்ட் எல்லோருக்கும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும், சின்னவளுக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். விசாவை அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் வாங்குங்கள். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைகளுக்கும் சேர்த்து. அது இலவசம். பணம் கேட்கும் தளத்தில் நிரப்பாதீர்கள்.

நினைவிருக்குமா என்று கேட்டீர்கள். சின்னவளுக்கு எதுவும் இருக்காது. பையனுக்குத் துண்டு துண்டாகச் சில இருக்கும், அது எது என்று நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அவசரமில்லாமல் மண்ணில் உட்கார்ந்து அவனோடு விளையாடிய ஒரு மாலை உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் கணவருக்கும் இருக்கும். அதற்காகவே போகலாம் என்பேன்.

இன்னொன்று. அங்கே தமிழும் ஆட்சிமொழி. விமான நிலையத்திலும் ரயிலிலும் அறிவிப்புப் பலகைகளில் தமிழ் இருக்கும். பையன் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது. இறங்கியதும் அவசரப்படுத்தாமல் அவனை நின்று படிக்க விடுங்கள். முதலில் எந்தச் சொல்லைப் படித்தான் என்று, திரும்பி வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.