கரி பற்றவில்லை என்று கேஸ் கிரில் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் சொந்த வீடு. மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் எட்டுப் பேருக்கு பார்பிக்யூ போடுவோம். மூடி இல்லாத தகரப் பெட்டி அடுப்பு. இஸ்திரிக் கடையில் வாங்கிய கரி ஒரு மணி நேரம் விசிறியும் பற்றவில்லை. கடைசியில் மண்ணெண்ணெய் ஊற்றினோம். பற்றிக்கொண்டது, ஆனால் சிக்கன் முழுக்க அந்த வாடை. லெக் பீஸ் வெளியே கருகி, எலும்போரம் சிவப்பாகவே இருந்தது. பேசாமல் கேஸ் கிரில் வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளில் கேஸ் தீர்ப்பது ஒன்றைத்தான்: பற்றவைக்கும் பாடு. அதை ஒரு பழைய எண்ணெய் டின்னே தீர்த்துவிடும். கருகுவதும் வேகாமல் நிற்பதும் சூட்டை அடுப்பில் எப்படிப் பிரித்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்தவை. அதைச் சரிசெய்யாமல் கேஸுக்குப் போனால் அங்கேயும் கருகும்.

கரி ஏன் பற்றவில்லை? விறகைக் காற்றில்லாமல் சுட்டு, ஆவியாகிப் போகக்கூடியதை எல்லாம் போக்கிய மிச்சம்தான் கரி. அதனால் விறகைப் போலச் சட்டென்று தீப்பிடிக்காது. காற்று படும் இடத்தில் மெல்லக் கனலும். ஒற்றைத் துண்டு கனன்றால் சூடு நாலா பக்கமும் போய் அணைந்துவிடும். பக்கத்துத் துண்டின் சூடும், அடியிலிருந்து காற்றும் சேர்ந்து கிடைக்க வேண்டும். பெட்டியில் தட்டையாகப் பரப்பி மேலே தீ வைத்தால் இரண்டுமே கிடைக்காது. உயரமாகக் குவித்து அடியில் தீ வைத்தால், சூடான காற்று மேலேறும்போதே கீழிருந்து புதுக் காற்றை இழுத்துக்கொள்ளும். விசிறியே தேவையில்லை. 'சிம்னி ஸ்டார்ட்டர்' என்று விற்பது இதற்கான குழாய்தான்.

வீட்டிலேயே செய்யலாம். 5 லிட்டர் எண்ணெய் டின்னின் மேல் மூடியையும் அடித் தகட்டையும் வெட்டி எடுங்கள். அடியிலிருந்து மூன்று அங்குல உயரத்தில் எதிரெதிராகத் துளையிட்டு, நான்கு இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகுங்கள். கரி அதன்மேல் நிற்கும். கம்பிக்குக் கீழே சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு துளைகள். துத்தநாகம் பூசிய வாளி, ஷீட் எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. சூட்டில் வரும் புகை நஞ்சு. டின்னின் வெளிப் பெயின்ட் முதல் தடவை எரிந்து நாறும், எனவே அந்தக் கரியில் சமைக்காதீர்கள். இந்த டின் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கரி பிடிக்கும். எட்டுப் பேருக்கு இரண்டு கிலோ சிக்கன் என்றால் கரியும் ஏறக்குறைய இரண்டு கிலோ வேண்டும். ஒரு டின்னைக் கொட்டிவிட்டு அடுத்ததைப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

இனி கரி. இஸ்திரிக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சீமைக் கருவேலங்கரி. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டுச் சுடுவது. அடர்த்தியானது, நல்ல சூடு, நீண்ட நேரம் நிற்கும். குறை, பொறி தெறிக்கும். உங்கள் கரி மக்கர் செய்ததற்கு ஈரமும் காரணமாக இருந்திருக்கலாம். கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் திறந்த சாக்கில் கிடந்ததென்றால் அரைநாள் வெயிலில் காயப்போட்ட பிறகுதான் பற்றவைக்க வேண்டும். அடுத்து, சல்லடையில் தூளைச் சலித்துவிடுங்கள். தூள் இடைவெளிகளை அடைத்துக் காற்றைத் தடுக்கும். எலுமிச்சை அளவிலிருந்து முட்டை அளவு வரையிலான துண்டுகள் போதும். நன்றாக வெந்த கரியைத் தட்டினால் கணீரென்று ஓசை வரும், உடைந்த இடம் கறுத்து மினுங்கும். பழுப்பாக இருப்பது அரைகுறையாக வெந்த விறகு. கண்ணெரிச்சல் புகை அதிலிருந்துதான் வரும்.

சிரட்டைக்கரி சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும். பத்து நிமிடத்தில் வேகும் டிக்காவுக்குப் பொருத்தம். அச்சில் அழுத்திய பிரிக்கெட் பற்ற நேரமெடுக்கும், ஆனால் சூடு ஏற்ற இறக்கமில்லாமல் நிற்கும்.

செய்தித்தாள் இரண்டு தாளைக் கசக்கி, அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் தெளியுங்கள். எண்ணெய் பட்ட தாள் திரிபோல நின்று எரியும். அதை டின்னின் அடியில் வைத்து, மேலே கரியைக் கொட்டி, துளைகள் வழியாக மூன்று இடத்தில் பற்றவையுங்கள். முதல் ஐந்து நிமிடம் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும், பயந்து கிளறாதீர்கள். புகை மெலிந்து, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மேலே சுவாலை எட்டிப்பார்க்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் மேல் துண்டுகளின் ஓரம் சாம்பல் பூக்கும். அப்போது கொட்டிவிட வேண்டும். மேலே இருப்பதும் முழுக்க வெளுக்கட்டும் என்று காத்திருந்தால் அடியிலிருப்பது பாதி தீர்ந்துவிடும். டின்னைப் பிடிக்க இடுக்கியும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வெல்டிங் கையுறையும் வேண்டும். நைலான் கையுறை கையோடு ஒட்டிக்கொள்ளும்.

கற்பூரம் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாளுக்குப் பதில் டின்னின் அடியில் இரண்டு மூன்று வில்லை வைத்தால், கரி தயாராவதற்குள் எரிந்து தீர்ந்துவிடும், பாதகமில்லை. இறைச்சி வைத்த பிறகு அணையும் கங்கின்மேல் போடுவதுதான் கூடாது. மண்ணெண்ணெய் கரியின் நுண்துளைகளுக்குள் இறங்கி, சமைக்கும்போதும் கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் தின்ற வாடை அதுதான். கனன்றுகொண்டிருக்கும் கரிமேல் ஊற்றினால் தீ அந்தத் தாரையைப் பிடித்துக்கொண்டு கேனுக்கே ஏறும். பெட்ரோலைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

பெட்டியைச் செங்கல்மேல் வையுங்கள். அடித் துளைகளுக்குக் காற்றும் கிடைக்கும், தளத்து ஓடும் வெடிக்காது.

கருகலுக்கு வருவோம். பெட்டி முழுக்கக் கங்கைப் பரப்பியிருப்பீர்கள். பாதிப் பெட்டிக்கு மட்டும் பரப்பி, மறுபாதியைக் காலியாக விடுங்கள். கம்பி வலைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். இரண்டு முதல் நான்கு நொடிக்குள் கையை எடுத்தாக வேண்டும் என்றால் கடுஞ்சூடு, சுமார் 230 முதல் 290 டிகிரி. ஐந்து முதல் ஏழு நொடி தாங்கினால் நடுத்தரம். எலும்பில்லாத துண்டுகளைக் கங்கின்மேல் திருப்பித் திருப்பிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுடலாம். லெக் பீஸைக் காலிப் பக்கம் வைத்து, அகலமான அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். அரை மணி கழித்துக் கடைசி நான்கு நிமிடம் மட்டும் கங்குப் பக்கம் நகர்த்தினால் தோல் முறுகும். தேன், தக்காளி சாஸ் போன்ற இனிப்புப் பூச்சு எல்லாம் அந்தக் கடைசி நிமிடங்களுக்குத்தான்.

எலும்போரச் சிவப்பை மட்டும் வைத்து வேகவில்லை என்று முடிவுசெய்ய முடியாது. இளம் பிராய்லரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசிந்து, வெந்த பிறகும் சதை சிவந்திருப்பதுண்டு. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். எலும்பைத் தொடாமல், கனமான சதையில் 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் எடுத்துவிடலாம். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள். சாம்பல் எழும்பி இறைச்சியில் ஒட்டும், ஆவி கையைச் சுடும். துண்டுகளைக் காலிப் பக்கம் தள்ளினாலே போதும்.

செலவு செய்யத்தான் போகிறீர்கள் என்றால், என் முதல் தேர்வு மூடியும் காற்றுக் கதவுகளும் உள்ள உருண்டைக் கரி அடுப்பு. அமெரிக்காவில் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல் கடல் மிதவைக்கான அரைக்கோளத்தை வெட்டி இந்த வடிவைக் கொண்டுவந்தார். அடிக்கதவைத் திறந்தால் சூடு ஏறும், பாதி மூடினால் இறங்கும்.

கேஸ் யாருக்கு? வாரம் இரண்டு மூன்று முறை, அதுவும் வேலைநாள் இரவில் சுடுகிறவர்களுக்கு. புகை என்று பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு. மீன், பனீர், காய்கறி அதிகம் சுடுபவர்களுக்கு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடேறும், குமிழைத் திருப்பினால் குறையும். ருசி வித்தியாசம் பலர் சொல்லும் அளவுக்கு இல்லை. நன்றாக வெந்த கரிக்குத் தனி மணம் குறைவு. கொழுப்பும் மசாலாவும் கங்கில் சொட்டி எழும் புகைதான் அந்த மணம். கேஸ் கிரில்லில் பர்னருக்கு மேலுள்ள சாய்ந்த தகடுகள் இதே வேலையைச் செய்கின்றன, கொஞ்சம் மென்மையாக. கரியில் கூடுதல் புகைமணம் வேண்டுமானால் காய்ந்த கொய்யாக் கட்டையோ மாங்கட்டையோ ஒரு துண்டு போடுங்கள். பிளைவுட், பெயின்ட் பலகை ஆகாது.

கேஸ் வாங்கினால் நம் எல்பிஜி சிலிண்டருக்கென்றே அமைந்ததா என்று பாருங்கள். குழாய் எரிவாயுவுக்கான கிரில்லில் கேஸ் வெளிவரும் ஜெட் துளை பெரிது. அதில் எல்பிஜியை இணைத்தால் தீ அடங்காது. வெளிநாட்டிலிருந்து வந்த கிரில்லை ஒட்டுப்போட்ட அடாப்டர் வைத்து நம் சிலிண்டரில் மாட்டுவதும் ஆபத்து. ஹோஸ் ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கட்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் செய்ய வேண்டியது. பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். பற்றவில்லையா, குமிழை மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, பெட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி வலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் கிரில்களில் இது சர்வ சாதாரணம்.

மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ, மாடிப்படி அறைக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது. வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். சன்னல் திறந்திருப்பது போதாது. சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டாமல் இரும்பு வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிடுங்கள். மூடியுள்ள அடுப்பென்றால் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டால் போதும், கரி தானே அணையும். மிஞ்சிய கரியைச் சாம்பல் தட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டின்னின் கம்பிமேல் முதலில் அதைப் போட்டு, அதற்கு மேலே புதுக்கரி போட்டால் இன்னும் சீக்கிரம் பற்றும்.