மக்கள்தொகையியல் படிக்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம் படிக்கிறேன். முதுகலைக்கு மக்கள்தொகையியல் எடுக்க ஆசை. "தமிழ்நாட்டில்தான் பிறப்பு குறைந்துவிட்டதே, இனி அந்தப் படிப்புக்கு என்ன வேலை?" என்று அப்பா கேட்கிறார். அதில் என்ன படிக்க வேண்டியிருக்கும்? எங்கே படிக்கலாம்?
- தென்காசி மாவட்ட மாணவி

பதில்: பிறப்பு குறைந்ததால்தான் இந்தத் துறைக்கு வேலை கூடியிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், இந்தியா முழுவதற்கும் 2.0. ஒரு தலைமுறை தன் எண்ணிக்கையை ஈடுகட்ட ஏறத்தாழ 2.1 வேண்டும். அப்படியிருந்தும் இந்தியாவின் மக்கள்தொகை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பிறப்பு அதிகமாக இருந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் இப்போது குழந்தை பெறும் வயதில் இருக்கிறார்கள். வீட்டுக்கு இரண்டே பிள்ளைகள் என்றாலும், பெற்றோரின் எண்ணிக்கை பெரிது. இதே காலத்தில் முதியோர் பங்கும் கூடுகிறது. ஓய்வூதியம், பள்ளிகளில் சேர்க்கை, வெளிமாநிலத் தொழிலாளர், தொகுதி மறுவரையறை என்று இன்று நாம் வாதிடும் பலவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

இந்தப் படிப்பு எப்படி யோசிக்கச் சொல்லித்தருகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று. தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் பிறப்பு, இறப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில், ஆயிரம் பேருக்கு ஓராண்டில் இறப்பவர்கள் கேரளத்தில் ஏறத்தாழ 7 பேர், பீகாரில் 5.5. அப்படியானால் பீகார்தான் ஆரோக்கியமான மாநிலமா? பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை கேரளத்தில் 6, பீகாரில் 29 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேரளத்தில் வயதானவர்கள் அதிகம், அதனால் மொத்த இறப்பு கூடித் தெரிகிறது. வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் படம் அப்படியே தலைகீழாகிவிடும். எந்த எண்ணைக் கண்டாலும் "எந்த வயதில்?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் படிப்பில் பாதியைத் தாண்டிவிட்டீர்கள்.

பாடத்தின் அடிப்படை பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகிய மூன்றுதான். இதில் ஆயுள் அட்டவணைதான் முதுகெலும்பு; ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறக்கிறார்கள், மீதிப் பேர் இன்னும் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்று காட்டும் அட்டவணை அது. காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியம் கணக்கிடுவதும் இதை வைத்தே. அதைக் கையால் ஒருமுறையாவது போட்டுப் பழகுங்கள். அப்புறம், பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் சரியில்லாத இடங்களில் கணக்கிடும் முறைகள். தாய்மார்களிடம் "எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்?" என்று கேட்டுக் குழந்தை இறப்பை மதிப்பிட வில்லியம் பிராஸ் என்ற மக்கள்தொகையியலாளர் ஒரு வழி கண்டார். எளிய கேள்வியிலிருந்து அவ்வளவு பெரிய விடையை எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இடப்பெயர்வுக்குத்தான் தரவு மிகக் குறைவு. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக அறிவித்திருக்கிறார்கள். அது வரும்வரை 2011 கணக்கை வைத்துத்தான் பலரும் மதிப்பிட வேண்டியிருக்கிறது. அந்தத் தரவு வெளியாகும் காலத்தில் நீங்கள் படித்து முடித்திருந்தால் அது நல்ல நேரம்.

படிக்கும் இடம் என்றால் முதலில் 1956இல் தொடங்கிய, மும்பை தேவ்னாரில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். குடும்ப நல ஆய்வை நடத்துவதே அவர்கள்தான், அதனால் களமும் தரவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். உங்கள் ஊரிலிருந்து பக்கம் என்றால், கேரளப் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகையியல் துறை திருவனந்தபுரம் காரியவட்டத்தில் இருக்கிறது. சேர்க்கை விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டுமே நம்புங்கள்.

வேலை விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "மக்கள்தொகையியலாளர்" என்ற பெயரில் வரும் பணியிடங்கள் குறைவு. பொது சுகாதாரம், கள ஆய்வு நிறுவனங்கள், தரவுப் பகுப்பாய்வு, ஆராய்ச்சி என்று வேறு பெயர்களில்தான் தேட வேண்டியிருக்கும். அதற்கு ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் கட்டாயம் தெரிய வேண்டும், அது இலவசம். புள்ளியியல் உங்களிடம் இருக்கிறது. சமூகவியலும் பொருளாதாரமும் கொஞ்சம் வாசித்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஏன் குறைவாகக் குழந்தை பெறுகிறார்கள் என்பதற்கு வெறும் சூத்திரத்தில் விடை கிடைக்காது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்து பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கான ஒற்றை வயது அட்டவணையை (ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் என்பது) இறக்கி வரைபடமாக்குங்கள். (உங்கள் மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது. தென்காசி 2019இல்தான் உருவானது, பழைய கணக்கில் அது திருநெல்வேலிக்குள் இருக்கும். எல்லை மாறினால் ஒப்பிடுவதற்கே தனியாக உழைக்க வேண்டும்.) 30, 35, 40, 45 என்று ஐந்தின் மடங்குகளில் கூட்டம் குவிந்திருக்கும், அவற்றை ஒட்டிய வயதுகளில் ஆள் குறைவாக இருப்பார்கள். வயதை ஏறக்குறையச் சொன்னவர்கள் அவர்கள். ஆண், பெண் இருபாலரில் யாரிடம் இது அதிகம், கிராமத்திலா நகரத்திலா என்று பிரித்துப் பாருங்கள். அதைத் தோண்டிக்கொண்டே நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்றால், யோசிக்காமல் விண்ணப்பம் போடுங்கள்.