சப்ளையரிடம் கேளுங்கள்

அன்புள்ள அக்கா,

வயது 29. சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். விளம்பர நிறுவன வேலையை விட்டுவிட்டு, ஓட்டல்களுக்கு மட்டும் மார்க்கெட்டிங் ஆலோசகராகத் தனியாகத் தொழில் தொடங்க நினைக்கிறேன். இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். ஒன்று ஏற்காட்டில் ஒரு ஓட்டல்: சனி, ஞாயிறு கூட்டம், மற்ற நாளில் காலி. இன்னொன்று ஐந்து ரோடு பக்கம் ஒரு பிரியாணிக் கடை. முதலாவதற்கு ரீல்ஸ் பிரபலங்களை வரவழைப்பதும், இரண்டாவதற்கு ஸ்விக்கி, ஜொமேட்டோவில் 20 சதவீதத் தள்ளுபடியும் என் திட்டம். கூகுளில் நல்ல ரிவ்யூக்களுக்கும் ஏற்பாடு செய்யலாம். ஓட்டலில் வேலை செய்கிறவர்களிடம் பேசி நேரத்தை வீணாக்காமல், முடிவெடுக்கும் முதலாளியிடம் மட்டும் பேசுவது என்று வைத்திருக்கிறேன். கட்டணம் எவ்வளவு கேட்கலாம்? சேலம் போதுமா, பெங்களூரு போக வேண்டுமா? என் பெயரிலேயே நடத்துவதா, நிறுவனப் பெயர் வைப்பதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பெயர் என்ன வைத்தாலும் சரி. பெங்களூரு எங்கேயும் போய்விடாது, அதை அப்புறம் பார்க்கலாம். ரிவ்யூவுக்கு ‘ஏற்பாடு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம். சாப்பிடாதவன் எழுதிய ஐந்து நட்சத்திரத்தை நம்பி ஒரு குடும்பம் சாப்பிட வருகிறது. அது ஏமாற்று, அதற்கு மேல் அதில் பேச எதுவும் இல்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு வரிக்காக. வேலை செய்கிறவர்களிடம் பேசினால் நேரம் வீண் என்கிறீர்களே, அந்த வரி. படித்ததும் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

என் அப்பா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைவ ஓட்டலில் சப்ளையராக இருந்தவர். இரவு வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு அம்மாவிடம் அன்றைய ஓட்டலை ஒப்பிப்பார். இன்று பொரியல் முக்கால்வாசி இலையில் அப்படியே கிடந்தது. கல்லூரிப் பையன்கள் இரண்டாவது தோசை சொல்லலாமா என்று பையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் வாசலிலேயே நின்று “உடனே என்ன கிடைக்கும்?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊர்ப்பக்கத்திலிருந்து குடும்பமாக வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு அரைச் சாப்பாடு கேட்கிறார்கள், இல்லை என்றதும் ஒரு சாப்பாட்டை வாங்கி இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்து வைக்கிறார்கள்.

இதெல்லாம் என்ன தம்பி? நீங்கள் சர்வே எடுத்து, படம் போட்டு, முதலாளிக்குக் காட்டப்போகும் சங்கதி. அப்பாவுக்கு அது மனப்பாடமாக இருந்தது. வாசலில் ஒரு மேசை போட்டு இட்லியும் பொங்கலும் பொட்டலமாகக் கட்டி வைத்தால் பஸ்காரர்கள் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று ஒருநாள் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். “நீ இலையைப் போடு” என்று பதில் வந்தது. அந்த முதலாளி செலவு செய்யாதவர் இல்லை. சினிமாத் தியேட்டரில் ஸ்லைடு போட்டார், சுவரெழுத்து எழுதினார். புதுக் கூட்டம் வந்தது, அதே பொரியலை அப்படியே இலையில் வைத்துவிட்டுப் போனது. பொட்டலத்தைப் பிற்பாடு பக்கத்துக் கடைக்காரர் கட்டி விற்றார்.

அன்று அந்த முதலாளி சொன்னதைத்தான் நீங்கள் படித்த பிள்ளையின் மொழியில் எழுதியிருக்கிறீர்கள்.

சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் போய் ஒரு தட்டுவடை செட் கடையில் அரைமணி நேரம் நில்லுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியைத் தடவி, கேரட், பீட்ரூட் துருவலும் வெங்காயமும் வைத்து வாங்குகிறவர் கையில் கொடுத்ததும் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்ப்பார். கண்ணில் தண்ணீர் வந்தால் அடுத்த செட்டில் காரச் சட்னி குறையும். செய்கிறவர், பரிமாறுகிறவர், காசு வாங்குகிறவர் மூன்றும் அவரே. அதனால் அவருக்கு ஆலோசகர் தேவைப்படவில்லை. கடை பெரிதாகும்போது மாஸ்டர் உள்ளே போய்விடுகிறார், முதலாளி கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறார், சாப்பிடுகிறவர் முகம் சப்ளையருக்கு மட்டும் தெரிகிறது. அவர் பார்த்தது மாஸ்டருக்கும் போவதில்லை, கல்லாவுக்கும் போவதில்லை. மூன்று பேருக்கும் நடுவில் அறுந்துபோன அந்தப் பேச்சுக்கு மறுபடி முடிச்சுப் போடுவதுதான் உங்கள் தொழில். ரீல்ஸ் அதற்குப் பிறகு வருகிற வேலை.

ஏற்காட்டு ஓட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு அங்கே கூட்டத்தை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, மே மாதம் கோடை விழாவுக்குக் கேட்கவே வேண்டாம். நீங்கள் பிரபலங்களை அழைத்து இன்னும் கூட்டம் சேர்த்தால், முக்கால் மணி நேரம் காத்திருந்து கோபத்தோடு மலை இறங்குகிறவர்கள்தான் கூடுவார்கள். அங்கே பரிமாறுகிறவரிடம் கேளுங்கள்: எந்த நேரத்தில் குடும்பங்கள் ஆர்டர் சொல்லாமலே எழுந்து போகின்றன? 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி, வாந்தி எடுத்துக் களைத்து வந்த பிள்ளைக்கு அம்மா முதலில் என்ன கேட்கிறாள்? பிரியாணி இருக்காது. சுடுதண்ணீர், ரசம் சாதம், தயிர் சாதம் என்றுதான் கேட்பாள். மெனு அட்டையில் அவை இருக்கின்றனவா? காலியான நாட்களில்கூட யாரோ வருகிறார்கள் அல்லவா, அவர்கள் யார்? உறைவிடப் பள்ளியில் பிள்ளையைப் பார்க்க வந்த பெற்றோரா, எஸ்டேட்டுக்கு வேலையாக வந்தவர்களா? அது சப்ளையருக்குத் தெரியும். அந்த நாலு பேரை நாற்பது பேராக்குவது எப்படி என்று யோசிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

ஐந்து ரோட்டுக் கடைக்கு நீங்கள் சொல்லும் தள்ளுபடியையும் பார்ப்போம். 200 ரூபாய் பிரியாணி. 20 சதவீதத் தள்ளுபடியைக் கடை ஏற்றால் 160. ஸ்விக்கி, ஜொமேட்டோவின் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தால் 40 ரூபாய், அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 7.20. சாப்பாட்டுக்கு 5 சதவீத வரி போடும் ஓட்டல் அந்த 7.20ஐ வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. மிச்சம் 112.80. அரிசி, கறி, எண்ணெய் 80, டப்பா 10 என்றால் கையில் நிற்பது 22.80. அதில்தான் வாடகை, கேஸ், மாஸ்டர் சம்பளம் எல்லாம். இந்தக் கணக்கை அந்த முதலாளிக்குக் காட்டினீர்களா? ஆர்டர் ஏறுவதைக் காட்டிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கடை உள்ளுக்குள் கரைவதைச் சொல்லாமல் இருப்பது பெரிய பாவம் தம்பி. அந்தக் கடையிலும் ஒருவரிடம் பேச வேண்டும். பார்சல் கட்டுகிறவரிடம். டெலிவரியில் சாப்பிடுகிறவர் முகத்தை யாருமே பார்ப்பதில்லை. எந்த டப்பா ஒழுகுகிறது, எந்த ஆர்டரில் வெங்காயப் பச்சடி விட்டுப்போகிறது, எந்த நேரத்தில் டெலிவரிப் பையன்கள் வாசலில் குவிந்து கத்துகிறார்கள் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

முதலாளி முன்னிலையில் இவர்களிடம் பேசாதீர்கள். வாயே திறக்க மாட்டார்கள். மூன்றரை மணிக்கு மதியக் கூட்டம் ஓய்ந்து அவர்கள் சாப்பிட உட்காரும்போது நீங்களும் உட்காருங்கள். அவர்கள் சொன்ன ஒரு யோசனை பலித்தால், யார் சொன்னது என்று முதலாளியிடம் பெயரைச் சொல்லுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. என் அப்பாவின் பெயரை அந்த ஓட்டலில் யாரும் ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லை.

கட்டணம் கேட்டீர்கள். விற்பனையில் சதவீதம் வேண்டாம், உண்மையான விற்பனையை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள், மாதா மாதம் சண்டைதான் மிஞ்சும். மாதம் இவ்வளவு என்று பேசுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள், விளம்பரச் செலவு தனி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தொகைக்கு உங்கள் வீட்டுச் செலவு ஓடும் என்று பார்த்து, எத்தனை கடைகளை உண்மையாகக் கவனிக்க முடியுமோ அத்தனையால் வகுத்தால் உங்கள் கட்டணம் வந்துவிடும். மூன்று, நான்கு கடைகளுக்கு மேல் ஒரு ஆள் பார்க்க முடியாது. கூகுள் மேப் கணக்கைக் கடைக்காரர் பெயரில், அவர் மின்னஞ்சலில் தொடங்குங்கள். சில ஆலோசகர்கள் அதைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, பிரியும்போது கடைக்காரரை அலைய விடுகிறார்கள். நீங்கள் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

வேலையை இந்த மாதமே விட வேண்டாம். ஏற்காட்டுக்கு ஒரு செவ்வாயோ புதனோ லீவு போட்டுப் போய், கடை திறப்பதிலிருந்து அடைக்கும்வரை இருந்துவிட்டு வாருங்கள். சப்ளையர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள். பெங்களூருவைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அக்கா