தொழில் படுத்துக் கிடக்கும்போது சின்ன கம்பெனிகள் எப்படி சமாளிக்கலாம், புதுசா என்ன செய்யலாம்?

திருப்பூர்ல 14 மெஷின் வச்சு ஒரு பவர்டேபிள் யூனிட், அதாவது மத்த கம்பெனிகளுக்கு கூலிக்கு துணி தைச்சுக் கொடுக்கற யூனிட் ஓட்டறேங்க, அந்த அனுபவத்துல சொல்றேன், பெரிய கம்பெனிக்கெல்லாம் இது பொருந்துமான்னு கேட்டா அது வேற கணக்கு.

எங்க ஊருக்கு அடி புதுசில்ல. 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவால சாயப்பட்டறைகளை மூடுனாங்க, 2016 நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னாங்க, அடுத்த ஜூலைல ஜிஎஸ்டி, அப்புறம் லாக்டவுன், 2022ல நூல் விலை ஏத்தம், 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா போற சரக்குக்கு 50 சதவீத வரி வந்துச்சு. இத்தனையிலும் நிஜமா மாறுனவங்க யாருன்னு கேட்டா நான் சாயப்பட்டறைக்காரங்களைத்தான் சொல்வேன், கழிவுத்தண்ணிய நொய்யல் ஆத்துல விடவே கூடாதுன்னு ஆனதும் அதையே சுத்திகரிச்சு திரும்ப சாயத்துக்கு எடுக்கற முறைக்கு வந்தாங்க, செலவு ஜாஸ்தின்னு அன்னைக்கு அழுதது உண்மைதான், இன்னைக்கு வெளிநாட்டு பையர் வந்தா முதல்ல அதைத்தான் பெருமையா காட்டறாங்க.

என் கதைக்கு வரேன். 2020 வரைக்கும் ஒரே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியோட ஜாப் ஒர்க்தான். லாக்டவுன் வந்ததும் ஆர்டர் கேன்சல்னு சொல்லி, தைச்சுக் கொடுத்த பீஸுக்கான கூலியையும் ஏழு மாசம் இழுத்தடிச்சாங்க. ஊரே மாஸ்க் தைக்குதேன்னு நானும் ஒரு மூட்டை எலாஸ்டிக் வாங்கிப் போட்டேன், மூணு வாரம் நல்ல காசு, அப்புறம் எல்லாரும் தைக்க ஆரம்பிச்சு ரேட் படுத்துருச்சு. அந்த எலாஸ்டிக் இன்னும் பரண்லதான் கிடக்குது.

ஒருநாள் ராத்திரி என் சம்சாரம் பழைய டைரிய எடுத்து, வரவேண்டியது ஒரு பக்கம், கொடுக்கவேண்டியது ஒரு பக்கம்னு எழுதுனா. எழுதி முடிச்சுட்டு, "ஏனுங்க, வரவேண்டிய பக்கத்துல ஒரே பேருதான் இருக்குது"ன்னா. அவ்ளோதாங்க, எனக்கு உறைச்சது.

அதுக்கப்புறம் 100 பீஸ், 200 பீஸ்னு சின்ன லாட் எடுக்க ஆரம்பிச்சேன், இன்ஸ்டாகிராம்ல கடை போடற பசங்க, காலேஜ் டீஷர்ட், கபடி டீம் இந்த மாதிரி. பெரிய யூனிட்டுக்காரன் இதைத் தொடவே மாட்டான், ஏன்னா ஒவ்வொரு லாட்டுக்கும் நூல் மாத்தணும், பேட்லாக்னு சொல்ற மடிப்புத் தையல் மெஷின்ல செட்டிங் மாத்தணும், அதுலயே பாதி நாள் போயிரும். டெய்லருங்களும் மொணங்குனாங்க, பீஸ் ரேட்ல ஒரே ஸ்டைல் ஆயிரக்கணக்குல ஓடுனாத்தானே அவங்களுக்கு கை வேகம் வந்து நாலு காசு பார்க்க முடியும்? அதனால சின்ன லாட்டுக்கு மட்டும் ஷிப்ட் சம்பளம்னு மாத்துனேன், அதை கூட்டித்தான் பார்ட்டிக்கு ரேட் சொல்வேன், துணிக்கான காசு முன்னாடியே வாங்கிருவேன். புதுசா ஒரு மெஷின்கூட வாங்கல.

இன்னொன்னு எங்க கட்டிங் மாஸ்டர் சொன்னது. கட்டிங்ல மிஞ்சற துண்டை நான் கிலோ கணக்குல வேஸ்ட் கடைக்குப் போட்டுட்டு இருந்தேன். "தம்பி, இதுல குழந்தைங்க ஜட்டி வெட்டலாம், பொறுக்கித் தர நானாச்சு"ன்னார். எங்க ஊரு பனியன் மார்க்கெட்டான காதர்பேட்டைல போட்டா போகுது. பெரிய லாபமெல்லாம் இல்ல, சனிக்கிழமை கூலில கொஞ்சத்துக்கு தாங்கும்.

உத்யம்னு சின்ன தொழில்களுக்கு மத்திய அரசு பதிவு ஒன்னு இருக்கு, அது இல்லைன்னா உடனே பண்ணிருங்க. நம்ம மாதிரி சின்ன யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதுல சொன்ன தேதிக்குள்ள, எப்படியும் 45 நாளைத் தாண்டாம, ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாளுக்குள்ள பணம் தரணும், தாண்டுனா பணம் கொடுக்கற வரைக்கும் அந்தத் தொகைய பார்ட்டி வருமான வரில செலவா காட்ட முடியாது, 2024 ஏப்ரல்ல இருந்து இது நடைமுறைல இருக்கு. நான் சண்டையே போடறதில்ல, வருஷக் கணக்கு முடிக்கற மார்ச் வந்தா "உங்க ஆடிட்டர் கேக்க மாட்டாருங்களா?"ன்னு மட்டும் கேப்பேன். இதுக்கு பயந்து உத்யம் இருக்கறவங்களுக்கு வேலையே வேண்டாம்னு ஒதுக்கற பார்ட்டியும் உண்டு, போகட்டும், அவன் எப்படியும் இழுத்தடிக்கறவன்தான்.

50 சதவீத வரி வந்தப்ப நேரடியா எனக்கு அமெரிக்கா ஆர்டர் இல்ல, ஆனா அதை நம்பி இருந்த யூனிட்டெல்லாம் உள்ளூர் வேலைக்கு இறங்கி அடிமாட்டு ரேட் சொன்னதுல நமக்கும் அடிதான். அந்த நாலு மாசம் புதுமை கிதுமை ஒன்னும் பண்ணல, ராத்திரி ஷிப்ட நிறுத்துனேன், வண்டி வாடகைய குறைச்சேன். டெய்லர்ல மட்டும் ஒருத்தரையும் அனுப்பல, வேலை கம்மியான வாரத்துல ஆளுக்கு நாலு நாள்னு பிரிச்சுக் கொடுத்தேன். கை பழகுன டெய்லரு ஒருதடவை வேற கம்பெனிக்குப் போயிட்டா திரும்ப கூப்பிட்டு வர்றது குதிரைக்கொம்புங்க.