மறுமொழி: கங்கோத்ரி லியூக்கோகிரானைட், ஏ/சிஎன்கே 1.65 வருகிறதே?

வணக்கம். கங்கோத்ரியின் வெளிர்நிறக் கிரானைட்டில் (லியூக்கோகிரானைட்) ஏ/சிஎன்கே, அதாவது அலுமினாவை மற்ற மூன்று ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையால் வகுத்த விகிதம், ஏன் 1.65 வருகிறது, சிர்க்கான் வயது ஏன் இரண்டாக வருகிறது, பாறையின் மூலம் மேலோடா என்று கேட்டிருந்தீர்கள். அலுமினா 15, சுண்ண ஆக்சைடு 0.6, சோடா 3.9, பொட்டாஷ் 4.6 சதவீதம் என்று கொடுத்திருக்கிறீர்கள். எடைச் சதவீதத்தை அப்படியே வகுத்திருக்கிறீர்கள், அதனால்தான் 1.65. ஆனால் ஏ/சிஎன்கே என்பது மோல் விகிதம். முறையே 101.96, 56.08, 61.98, 94.20 ஆல் வகுத்துவிட்டுப் பாருங்கள்: 0.1471 ÷ 0.1224, அதாவது 1.20. அலுமினா மிகுந்த கனிமங்களான மஸ்கோவைட்டும் டூர்மலினும் உள்ள பாறைக்கு இது சரியான எண். அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்தில் போகும் கால்சியத்தையும் கழிக்க வேண்டும் (பாஸ்பரஸ் பென்டாக்சைடு மோலைப் போல் 3.33 மடங்கு), கால்சியம் இவ்வளவு குறைந்த பாறையில் அதை விட்டுவிடாதீர்கள்.

சிர்க்கான் (வயது அளக்கப் பயன்படும் கனிமம்) வயது இரண்டாக வருவது பிழை இல்லை. 500 மில்லியன் ஆண்டு காட்டுபவை மூலப்பாறையிலிருந்து உருகாமல் வந்த பழைய உட்கருக்கள். 22 மில்லியன் காட்டும் மெல்லிய விளிம்புதான் கிரானைட் உறைந்த காலம். லேசர் புள்ளி இரண்டிலும் பட்டால் நடுவில் அர்த்தமில்லாத வயது வரும். கேத்தடோலூமினசன்ஸ் படம் (எலக்ட்ரான் கற்றை பட்டுக் கனிமம் ஒளிர்வதை எடுத்த படம், கருவும் விளிம்பும் தெரியும்) பார்த்துப் புள்ளி வையுங்கள். மோனசைட் என்ற கனிமம் கிடைத்தால் அதையும் அளந்துவிடுங்கள், அதில் பழைய கரு அரிது.

இதே காரணத்தால் சிர்க்கோனியம் தெவிட்டல் வெப்பநிலையை (பாறையின் சிர்க்கோனியம் அளவிலிருந்து கணிக்கும் உருகல் வெப்பநிலை) உச்ச வரம்பாக மட்டும் எடுங்கள். அளந்த சிர்க்கோனியத்தில் ஒரு பகுதி அந்தப் பழைய உட்கருக்களில் இருப்பது, உருகலில் கரையவே இல்லை.

மேலோட்டு மூலமா என்ற கேள்விக்கு, தொடக்க (பாறை உறைந்தபோது இருந்த) ஸ்ட்ரான்ஷியம் 87/86 ஐசோடோப்பு விகிதத்தை 22 மில்லியன் ஆண்டுக்குத் திருத்திக் கணக்கிடுங்கள். 0.74க்கு மேல் என்றால் உயர் இமயமலையின் களிமண்வழி உருமாறிய பாறை உருகியதுதான். மேலோட்டுக்குக் கீழுள்ள மேன்டிலைத் தேட வேண்டாம். ருபீடியம்/ஸ்ட்ரான்ஷியம் விகிதம் உயர்ந்து பேரியம் குறைந்தால், வெளிநீர் இல்லாமல் மஸ்கோவைட் சிதைந்து உருகியது என்ற பக்கமே சாயலாம்.