வீட்டுப்பாடமே வராத ஊரில் கணக்குப் பயிற்சி

திருச்சியிலிருந்து இங்கிலாந்தின் கவென்ட்ரிக்கு வந்து சில மாதங்களே ஆன ஒரு தாய் கேட்டிருந்தார்: "மகன் இயர் 3 படிக்கிறான். ஊரில் தினமும் கணக்கு ஹோம்வொர்க் இருக்கும். இங்கே பாடப்புத்தகமும் இல்லை, நோட்டும் வீட்டுக்கு வருவதில்லை. நான் சொல்லிக்கொடுத்தால் 'மிஸ் இப்படிச் சொல்லவில்லை' என்று அழுகிறான். டியூஷனில் சேர்க்கட்டுமா, அக்கா?"

டியூஷன் இப்போதைக்கு வேண்டாம்மா. தினமும் பத்து நிமிடம் நீங்களே அவனுடன் உட்கார்ந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இதற்குப் பலன் அதிகம்.

புத்தகம் வராததால் பாடமே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் இப்போதைய பாடத்திட்டம் 2014 செப்டம்பரில் வந்தது. எந்த இயரில் என்ன என்பது அதில் தெளிவாக இருக்கிறது. இயர் 2-இல் 2, 5, 10 வாய்ப்பாடு. இயர் 3-இல் 3, 4, 8. இயர் 4 முடிவதற்குள் 12 வரை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஹோம்வொர்க் கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்தப் பள்ளியின் முடிவு.

அழுகைக்கு வருவோம். 402-இல் 167 கழிக்க நீங்கள் "பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொல்லியிருப்பீர்கள். வகுப்பில் அதை எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்று, அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்று என்று வில்லைகளை வைத்தே செய்து காட்டுகிறார்கள். செய்வது ஒரே வேலைதான், ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அம்மா ஒன்று சொல்கிறாள், மிஸ் வேறொன்று சொல்கிறார் என்றுதான் படும். அதனால் முறையைப் பள்ளிக்கே விட்டுவிடுங்கள். பெரும்பாலான பள்ளிகளின் வலைத்தளத்தில் 'கால்குலேஷன் பாலிசி' என்று ஒரு கோப்பு இருக்கும். எந்த வகுப்பில் எந்த முறை என்று படம் போட்டே காட்டியிருப்பார்கள். ஒரு சாயங்காலம் அதைப் புரட்டினால் உங்களுக்கே தெளிவாகிவிடும். பின்னால் வகுத்தலுக்கு 'பஸ் ஸ்டாப்' என்று சொல்லிக்கொண்டு வருவான். எண்ணுக்கு மேலே பஸ் நிறுத்தக் கூரை போலக் கோடு போட்டு வகுப்பதுதான், அதுவும் அதில் இருக்கும்.

கட்டம் கட்டமாக வரைந்துகொண்டு வருகிறான் என்றாலும் பதற வேண்டாம். அது பார் மாடல், சிங்கப்பூர்ப் பள்ளிகளிலிருந்து இங்கே வந்தது. ஆயிஷாவிடம் டாமைப் போல மூன்று மடங்கு ஸ்டிக்கர், இருவருக்கும் சேர்த்து 48 என்றால் டாமுக்கு ஒரு கட்டம், ஆயிஷாவுக்கு மூன்று கட்டம் போடுவான். மொத்தம் நான்கு கட்டம், ஒரு கட்டத்துக்கு 12. எக்ஸ், ஒய் எதுவும் தேவைப்படவில்லை, பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

சரி, வீட்டில் நீங்கள் என்ன செய்வது? வாய்ப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம், இயர் 4-இல், ஜூன் மாதம் அவனுக்கு ஒரு வாய்ப்பாட்டுச் சோதனை உண்டு. கணினித் திரையில் 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, நடுவே 3 விநாடி இடைவெளி. 6, 7, 8, 9, 12 வாய்ப்பாடுகளிலிருந்து கூடுதலாக வரும். பாஸ், ஃபெயில் கிடையாது, அதனால் பிள்ளையிடம் அதை ஒரு பயமாகக் காட்டவே கூடாது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ராகம் போட்டு ஒப்பிக்கும் பழக்கம் இருப்பது பெரிய சொத்து. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஏழெட்டு எவ்வளவு என்றால் ஓரேழு ஏழிலிருந்து ஓடி வரும் பிள்ளைக்கு 6 விநாடி போதாது. ஆகவே ஒப்பித்து முடித்ததும் குறுக்கும் நெடுக்குமாகக் கேளுங்கள். பிறகு திருப்பிக் கேளுங்கள், 56-இல் எத்தனை எட்டு என்று. 2, 4, 8 வாய்ப்பாடுகளைச் சேர்த்தே நடத்துங்கள். ஏழிரண்டு 14, அதை இரட்டித்தால் ஏழுநான்கு 28, இன்னொரு முறை இரட்டித்தால் ஏழெட்டு 56. இந்த இரட்டிப்பு பிடிபட்ட பிள்ளை எட்டாம் வாய்ப்பாட்டைக் கண்டு பயப்படாது. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் மூன்று, ஆறு, ஒன்பது என்று சொல்ல வையுங்கள், இறங்கும்போது பின்னோக்கி. இந்த ஊரில் பல வீடுகளில் மாடிப்படி இருக்கிறது, அது நமக்கு வசதி.

பள்ளிக்கு நடந்து போகிற வழியே பெரிய நோட்டுப்புத்தகம். இங்கே பெரும்பாலான தெருக்களில் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. 47-ஆம் வீட்டு வாசலில் நிற்கிறோம், அடுத்த வீட்டை ஒன்று என்று எண்ணினால் 63 எத்தனையாவது வீடு என்று கேளுங்கள். முதலில் பதினாறு என்பான். சரியா தப்பா என்று சொல்லாமல் நடந்து எண்ண விடுங்கள். எட்டுதான் வரும். ஏன் பாதியானது என்று அவனே யோசிக்கட்டும், விடையை நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

காசு கட்டாயம் வாங்கி வையுங்கள். எல்லாவற்றுக்கும் கார்டைத் தட்டிவிடுவதால் இங்கே வளரும் பிள்ளைகள் சில்லறையே பார்ப்பதில்லை. 1, 2, 5, 10, 20, 50 பென்ஸ், 1 பவுண்டு, 2 பவுண்டு என்று எட்டு வகை இருக்கிறது. மேசையில் கொட்டி, மூன்றே காசில் 50 பென்ஸ் கொடு என்று கேளுங்கள். இரண்டு 20, ஒரு 10 என்று கண்டுபிடிப்பான். அப்புறம், இரண்டே காசில் முடியுமா? முடியாது. ஏன் முடியாது? அந்த 'ஏன்'தான் இயர் 6-இல் ரீசனிங், அதாவது யோசித்துக் காரணம் சொல்லும் பேப்பராக வரப்போகிறது. ஆரம்பப் பள்ளி முடிவில் மே மாதம் எழுதும் சாட்ஸ் தேர்வில் கணக்குக்கு மூன்று தாள், அதில் இரண்டு ரீசனிங்தான்.

சமையலறையிலும் கூப்பிடுங்கள். நான்கு கப் அரிசிக்கு ஒரு கப் உளுந்து, ஆறு கப் அரிசிக்கு எவ்வளவு? விகிதம் என்ற பாடம் வருவதற்கு முன்பே ஒன்றரைக் கப் என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் தமிழிலேயே கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். பள்ளியில் ஆங்கிலம், வீட்டிலும் ஆங்கிலம் பேசினால்தான் குழம்பமாட்டான் என்று பலர் நினைக்கிறார்கள். என் பிள்ளைகளும் சுற்றத்தில் வளர்ந்த பிள்ளைகளும் கணக்கைத் தமிழில் யோசித்து மிஸ்ஸிடம் ஆங்கிலத்தில் சொன்னவர்கள்தான், யாரும் குழம்பவில்லை. கூட்டல், கழித்தல் என்பதற்கு வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்று அவனைக் கேட்டு நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், அது போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாம் 1,00,000 என்று கமா போடுகிறோம், இங்கே 100,000. பெரிய எண்கள் வரும் இயர் 5-இல் இதை ஒருமுறை எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.

தப்பாகச் செய்தால் உடனே ரப்பரை நீட்டாதீர்கள். "எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டே போகும்போது பாதியில் நிறுத்தி, "இல்லம்மா, இது தப்பு" என்று அவனே திருத்துவான். அன்று களைப்பாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

லெவன் பிளஸ் என்று யாராவது இப்போதே பயமுறுத்தினால் காதில் வாங்க வேண்டாம். அது கிராமர் ஸ்கூல் என்ற, தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளுக்காக இயர் 6 தொடக்கத்தில் எழுதும் தேர்வு, எல்லா ஊரிலும் அந்தப் பள்ளி கிடையாது. வரும் பேரண்ட்ஸ் ஈவினிங்கில் மிஸ்ஸிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த வாய்ப்பாட்டில் தயங்குகிறான், டைம்ஸ் டேபிள்ஸ் ராக்ஸ்டார்ஸ் என்ற வாய்ப்பாட்டுப் பயிற்சி விளையாட்டுக்கு லாகின் பள்ளியில் உண்டா? அவர் எந்த வாய்ப்பாட்டைச் சொல்கிறாரோ, அன்று ராத்திரி அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.